யார் இந்தக் கார்லா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் பங்காளிகள் இடிக்கக் கொடுத்துவிட்டு, உள்ளே கிடந்த சாமான்களை இரண்டு நாள் வைத்து விற்றார்கள். கல்சட்டி வாங்கலாம் என்று போனேன். லட்சுமி படம் ஒன்று கண்ணில் பட்டது, ஏழாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன். படம் 20 அங்குல உயரம், 14 அங்குல அகலம். தேக்குச் சட்டம். தாமரை மேல் லட்சுமி நிற்கிறாள், பக்கத்தில் மாலையோடு யானை. சேலைக்கும் நகைக்கும் யாரோ ஜரிகையும் சமிக்கியும் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். கண்ணாடி உடைந்திருந்ததால் கழற்றிவிட்டேன். விரலால் தடவினால் பெயிண்டிங்கின் மேடுபள்ளம் நன்றாகத் தெரிகிறது. கீழ் மூலையில் ஆங்கிலத்தில் 'ரவி வர்மா' என்று கையெழுத்து இருக்கிறது. சட்டத்தின் ஓரத்தில் பாதி மறைந்து 'கார்லா' என்று இன்னொரு பெயரும் தெரிகிறது. அந்தப் பெயருள்ள யாருக்காவது வரைந்து கொடுத்தாரா? ரவி வர்மா ஓவியம் 38 கோடிக்குப் போனதாக மருமகன் செய்தி காட்டுகிறார். பழைய சாமான் வியாபாரி ஒருவர் வீடு தேடி வந்து முப்பதாயிரம் தருகிறேன் என்கிறார். ஜரிகையை எடுத்துவிட்டால் மதிப்பு கூடும் என்றும் சொன்னார். இது அசல்தானா? என்ன விலை பெறும்? சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் கொடுத்தனுப்பி அங்கே விற்கலாமா?

– ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள அம்மா,

முதல் வேலையாக, அந்த ஜரிகையில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். வியாபாரி, மருமகன், நீங்கள், யாராக இருந்தாலும் சரி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கண்ணாடி இல்லாமல் சமையலறைப் பக்கமோ பூஜை அறையிலோ மாட்டியிருந்தால் இப்போதே இறக்கி, காகிதத்தில் பட்டும் படாமலும் மூடி, கட்டிலில் படுக்க வையுங்கள்.

இனி கார்லா. உங்கள் கடிதத்தில் என்னைச் சிரிக்க வைத்ததும் அவள்தான், பாதி வேலையை முடித்துக் கொடுத்ததும் அவள்தான். கார்லா பெண் இல்லை, ஊர். மும்பையிலிருந்து புனே போகிற வழியில், லோணாவளாவுக்குப் பக்கத்தில், பழைய பௌத்தக் குகைகளுக்குப் பேர் போன ஊர். ரவி வர்மாவின் அச்சகம் அங்கேதான் இருந்தது. உங்கள் சட்டத்தின் ஓரத்துக்கு அடியில் மறைந்து கிடப்பது ஏறக்குறைய 'ரவி வர்மா பிரஸ், கார்லா, லோணாவளா' என்ற வரியாகத்தான் இருக்கும். நீங்கள் அனுப்பிய மூன்றாவது போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'கார்லா'வுக்கு முன்னால் 'பிரஸ்' என்ற சொல்லின் கடைசி எழுத்து ஒன்றும் ஒரு புள்ளியும் தெரிகின்றன.

ஆகவே உங்களிடம் இருப்பது ரவி வர்மா கையால் தீட்டிய ஓவியம் அல்ல. அவருடைய ஓவியத்தைப் பார்த்துக் கல்லில் எழுதி, காகிதத்தில் அடித்த அச்சுப் படம். ஓலியோகிராஃப் என்பார்கள். கல்லச்சில் நிறம் நிறமாக அடித்து, மேலே வார்னிஷ் பூசி, எண்ணெய் வண்ண ஓவியம் மாதிரியே தோன்றச் செய்வது. இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம், கடிதத்தைக் கடைசி வரை படியுங்கள்.

அந்த அச்சகத்தின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் படத்தின் வயது அதில் ஒளிந்திருக்கிறது. திருவிதாங்கூரிலும் பிறகு பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ் நம் கும்பகோணத்துக்காரர். 'உங்கள் ஓவியத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் ஏராளம், இரண்டு கையை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்குத்தான் வரைவீர்கள், நல்லதாகச் சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஓலியோகிராஃப் போட்டுக்கொள்ளுங்கள்' என்று 1884 வாக்கில் ரவி வர்மாவுக்கு எழுதினார். ரவி வர்மா ஐரோப்பாவுக்கு அனுப்பவில்லை. பத்து வருஷம் கழித்து, 1894இல், பம்பாய் கிர்காவில் சொந்தமாகவே அச்சகம் வைத்தார். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் வந்தது, ஆட்களும் வந்தார்கள். 'சகுந்தலையின் பிறப்பு' முதலில் வந்த படம். பிறகு பம்பாயில் பிளேக் வந்தது, அச்சகத்துக்குக் கடனும் வந்தது. 1899 வாக்கில் கார்லா பக்கம் மளவலிக்கு இடம் மாறினார்கள். 1900களின் தொடக்கத்தில் ஃபிரிட்ஸ் ஷ்லைகர் என்ற ஜெர்மானியரிடம் அச்சகம் கைமாறியது. ரவி வர்மா 1906 அக்டோபர் 2ஆம் தேதி காலமானார். அச்சகம் நிற்கவில்லை. அதே படங்களை அதற்கப்புறமும் பல வருஷம் அடித்துக்கொண்டே இருந்தது.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் யோசியுங்கள். கையெழுத்தும் படத்தோடு சேர்ந்து கல்லிலேயே இருக்கிறது. படம் அடிக்கும்போதெல்லாம் கையெழுத்தும் அடிபடும். அதாவது, ரவி வர்மா இறந்த பிறகும் பல வருஷம் 'கையெழுத்து' போட்டுக்கொண்டுதான் இருந்தார். கையெழுத்தை வைத்து அசலா நகலா என்று முடிவு கட்டக் கூடாது என்று நான் படித்துப் படித்துச் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. நம் கோவில்பட்டி சி. கொண்டையராஜுவின் பெயரும்தான் சிவகாசிக் காலண்டர்களில் ஊரெல்லாம் தொங்கியது. அதை வைத்து ஒவ்வொரு காலண்டரையும் அசல் என்று யாரும் சொல்வதில்லை. ரவி வர்மா என்றால் மட்டும் நமக்குக் கை நடுங்கிவிடுகிறது.

உங்கள் படத்தில் இருக்கும் ஊர்ப்பெயர் இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறது. 'பம்பாய்' என்று போட்டிருந்தால் தொடக்க கால அச்சு என்று நினைக்கலாம். 'கார்லா' என்றால் இடம் மாறிய பிறகு அடித்தது. எனவே 1899க்கு முன்னால் போக வழியில்லை. எவ்வளவு பின்னால் என்பதைக் காகிதத்தையும் கீழ்ஓர எழுத்துகளையும் முழுசாகப் பார்த்தால்தான் சொல்ல முடியும். சட்டத்தை நீங்களே பிரிக்க வேண்டாம்.

என் பேச்சை நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. நீங்களே பார்த்துவிடலாம். நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருப்பார்களே பத்து மடங்கு லென்ஸ், அது ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் லட்சுமியின் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணெய் வண்ண ஓவியமாக இருந்தால் தூரிகை மயிர் இழுத்த கோடு தெரியும், ஒரு நிறம் இன்னொன்றில் குழைந்து போயிருக்கும், புள்ளி இருக்காது. உங்கள் படத்தில் நீங்கள் பார்க்கப்போவது புள்ளிகளை. ஆனால் ஒழுங்கில்லாத புள்ளிகள். ரவையைத் தட்டில் சிதறவிட்ட மாதிரி, இங்கே நெருக்கமாக, அங்கே தள்ளித் தள்ளி, ஒன்று பெரிது ஒன்று சின்னது. கல்லில் உட்கார்ந்து ஒருவர் கையால் குத்திக் குத்தி வைத்த புள்ளிகள் அவை. கன்னத்திலிருந்து அப்படியே உதட்டுக்கு நகருங்கள். எங்காவது ஓரிடத்தில் சிவப்பு உதட்டின் கோட்டை விட்டு மயிரிழை வெளியே நிற்கும். நிறத்துக்கு ஒரு கல் என்று மாற்றி மாற்றி அடிக்கும்போது காகிதம் துளி நகர்ந்ததன் தடம் அது. அதைப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

மாறாக, புள்ளிகள் வரிசை பிசகாமல் சின்னச் சின்னப் பூக்கள் மாதிரி கூடி நின்றால் அது ஆஃப்செட், பிற்கால அச்சு. மூடுபனி தெளித்த மாதிரி ஒரே தூவலாக இருந்தால் கம்ப்யூட்டர் பிரிண்ட். டீத்தண்ணீர் தடவிப் பழசாக்கிய காகிதத்தில் கம்ப்யூட்டர் பிரிண்ட் எடுத்து, பழைய தேக்குச் சட்டத்தில் போட்டு விற்பது இப்போது நடக்கிற தொழில்தான். சட்டம் நூறு வயசு, உள்ளே இருக்கும் படம் போன வருஷம். உங்கள் போட்டோக்களைப் பார்த்த அளவில் அப்படித் தெரியவில்லை. ஆனால் போட்டோ போட்டோதான், லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

மேடுபள்ளம் என்றீர்களே, பலரும் ஏமாறுவது அங்கேதான். வார்னிஷ் பூசிய பிறகு, கேன்வாஸ் துணியின் இழை தெரிகிற மாதிரி படத்தை அழுத்தி எடுப்பார்கள். ஓவியம் என்று கை நம்ப வேண்டும் என்பதற்காகவே செய்த வேலை அது, உங்கள் கையும் நம்பிவிட்டது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பாருங்கள். மேடுபள்ளம் முகத்தில் எப்படி ஓடுகிறதோ அப்படியே தாமரையிலும், அப்படியே யானையிலும் தண்ணீரிலும் ஒரே சீராக ஓடும். மனுஷன் தீட்டியிருந்தால் தண்ணீருக்குத் தூரிகை படுக்கையாகப் போயிருக்கும், சேலை மடிப்பில் செங்குத்தாக இறங்கியிருக்கும், நகையில் வண்ணம் சொட்டு வைத்த மாதிரி தடித்து நிற்கும். கையெழுத்தையும் அதே டார்ச்சில் பாருங்கள். ஓவியத்தில் கையெழுத்து எல்லாம் முடிந்த பிறகு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். உங்களுடையது வார்னிஷுக்கு அடியில், படத்தோடு படமாக, அதே ரவைப் புள்ளியாக இருக்கும்.

ஒரு முறையாவது அசலைப் பார்த்துவிட்டு வாருங்கள். மதுரையிலிருந்து திருவனந்தபுரம் ஒன்றும் தூரமில்லை, நேப்பியர் மியூசியம் வளாகத்திலேயே ரவி வர்மாவின் ஓவியங்கள் இருக்கின்றன. அசலுக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றவர்களை அதற்கப்புறம் ஓலியோகிராஃபைக் காட்டி ஏமாற்ற முடியாது. ஈரம், எடை, ஆழம் என்று என்ன சொல் போட்டாலும் எழுத்தில் வராத ஒன்று அதில் இருக்கிறது.

மருமகன் காட்டிய செய்தி பொய் இல்லை. 2023 ஏப்ரலில் மும்பை ஏலத்தில் ரவி வர்மாவின் 'யசோதையும் கிருஷ்ணனும்' 38 கோடிக்குப் போனது. அது அவர் கையால் தீட்டிய ஒற்றை எண்ணெய் ஓவியம். உங்களுடையது அச்சில் பெருகிய படம். இரண்டிலும் ஒரே பெயர் இருக்கிறது என்பதற்காக ஒப்பிட்டால், கோயில் சிலையையும் கோயில் வாசலில் விற்கிற சிலையையும் ஒப்பிட்ட மாதிரி ஆகும். மருமகனிடம் இதைக் கொஞ்சம் இதமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

சரி, ஜரிகைக்கு வருவோம். எனக்கு உங்கள் படத்தில் பிடித்ததே அதுதான்.

செட்டிநாட்டு வீடுகளில் கடல் தாண்டிப் போன கப்பலோடு ஊரில் இல்லாததெல்லாம் வந்து இறங்கியது. பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் பாத்திரம். அவற்றோடு ரவி வர்மா படங்களும் வந்து சுவரில் ஏறின. வீட்டுப் பெண்கள் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிடவில்லை. அச்சுக்காரன் போட்ட சேலை போதாது என்று நிஜத் துணியும் ஜரிகையும் வெட்டி ஒட்டினார்கள், நகைக்குச் சமிக்கி வைத்தார்கள், கிரீடத்துக்கு மணி கோத்தார்கள். கோயிலில் அம்மனுக்குச் சேலை சாத்துகிற மாதிரிதான் இதுவும். ஒரே கல்லில் அடித்த லட்சுமிகள் எத்தனையோ இருக்கலாம். இந்த ஜரிகை போட்ட லட்சுமி உலகத்தில் ஒன்றுதான். அச்சில் பெருகிய படத்தைத் திரும்ப ஒற்றைப் பொருளாக மாற்றியது, கையெழுத்துப் போடாத அந்தக் கைதான். இப்போது சேகரிப்பவர்கள் அப்படி அலங்கரித்த படத்தைத் தனி வகையாகவே தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், சும்மா இருக்கிற ஓலியோகிராஃபைவிட இதற்குத்தான் நான் ஒரு படி மேலே கொடுப்பேன்.

ஜரிகையும் வயசு சொல்லும். வெள்ளிக் கம்பி சுற்றிய ஜரிகை காலப்போக்கில் கறுக்கும், செம்புக் கம்பி பச்சை பூக்கும், பிற்காலத்துப் பிளாஸ்டிக் இழை இரண்டும் ஆகாமல் பளபளவென்றே கிடக்கும். சமிக்கியிலும் அப்படித்தான். முதலில் உலோகத் தகடு, 1930களில் ஜெலட்டினில் செய்தது வந்தது, அப்புறம் பிளாஸ்டிக். உங்கள் போட்டோவில் மேகலைப் பக்கம் ஜரிகை நன்றாகக் கறுத்திருக்கிறது. இடது கைக்குக் கீழே மட்டும் இரண்டு மூன்று சமிக்கி வேறு சாயலில் மின்னுகிறது. உதிர்ந்த இடத்தில் யாரோ பின்னால் ஒட்டியதாக இருக்கும். அதனால் ஒன்றும் குறைவில்லை. வீட்டில் புழங்கிய பொருள் அப்படித்தான் இருக்கும்.

கறுத்துப் போனதே என்று எலுமிச்சம்பழமோ விபூதியோ எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். இதை அனுபவப்பட்டவன் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் இதே மாதிரி சமிக்கி வைத்த முருகன் படம் ஒன்று என்னிடம் வந்தது. தூசியைத் துடைக்கலாம் என்று பஞ்சை லேசாகத்தான் நனைத்தேன். துடைத்த இடத்தில் வேலின் மேலிருந்த நாலு சமிக்கி பிசுபிசுவென்று குழைந்து பஞ்சோடு வந்துவிட்டது. ஜெலட்டின் ஈரத்தில் கரையும் என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும், கையில் தெரிந்திருக்கவில்லை. படத்துக்கு உரிய பாட்டி என்னைத் திட்டவில்லை. அந்த நாலும் தன் மாமியார் ஒட்டியது என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியிருக்கலாம். இன்றைக்கும் சமிக்கியைக் கண்டால் பஞ்சை எடுப்பதற்கு முன்னால் எனக்கு அந்தப் பாட்டி முகம்தான் ஞாபகம் வருகிறது.

இனி விலை. நேரில் பார்க்காமல் விலை சொல்கிறவரை நம்பாதீர்கள், நான் உட்பட. இருந்தாலும் எப்படி யோசிப்பது என்று சொல்கிறேன். அதே படம், அதே அளவு, அதே அச்சக வரி, ஏறக்குறைய அதே நிலைமை, இவை நாலும் ஒத்த படம் ஏலத்தில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இணையத்தில் ஒருவர் லட்சம் என்று போட்டிருப்பது அவர் ஆசை, விலை அல்ல. விற்று முடிந்த தொகைதான் கணக்கு. அதிலும் வாங்கியவர் ஏலக் கம்பெனிக்குத் தனியாகக் கட்டுகிற கமிஷன் சேர்ந்திருக்கும், விற்றவர் கையில் வருவது குறைவு.

லட்சுமி, சரஸ்வதி இரண்டும் அச்சகம் நிறைய அடித்த படங்கள். எல்லா வீட்டிலும் கேட்டார்கள், அடித்தார்கள். அதனால் அபூர்வம் என்ற பேச்சுக்கு இடமில்லை. புராணக் காட்சிகளில் அதிகம் புழங்காதது ஏதாவது மாட்டியிருந்தால் கதை வேறு. நிலைமையைப் பார்த்தால் உங்கள் படத்தில் வலது கீழ்ப்பக்கம் ஈரம் ஏறிய பழுப்புக் கறை இருக்கிறது, ராமபாணப் பூச்சி ஓரிடத்தில் மேல் தோலைச் சுரண்டியிருக்கிறது. கீழ்ஓரம் வெட்டுப்படாமல் அச்சக வரி முழுசாக இருந்தால் அது நல்ல சேதி. முக்கால்வாசிப் படங்களில் சட்டம் போடுகிறவர் அளவுக்குப் பத்தவில்லை என்று அந்த வரியைத்தான் முதலில் வெட்டியிருப்பார்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால், வியாபாரி சொன்ன முப்பதாயிரம் ஏமாற்று விலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது அவருடைய முதல் விலை. அவர் அதை வைத்து யாரிடமோ லாபத்துக்கு விற்க வேண்டும் அல்லவா? நல்ல சேகரிப்பாளர் நேரடியாக வாங்கினால் அதைப் போல இரண்டு மடங்கு கேட்பதில் தவறில்லை என்பது என் எண்ணம். லட்சக்கணக்கில் எதிர்பார்த்தால் படம் உங்கள் வீட்டிலேயே இருக்கும், அதுவும் மோசமில்லை.

அவர் பேச்சில் ஒரு முரண் இருக்கிறது, கவனித்தீர்களா? ஜரிகையை எடுத்தால் மதிப்பு கூடும் என்றால், வாங்கிக்கொண்டு போய் அவரே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே! உங்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? ஜரிகை ஒரு குறை என்று உங்கள் மனதில் விழுந்தால் விலை தானாக இறங்கும், அவ்வளவுதான். பொல்லாதவர் என்று சொல்லவில்லை, அது அவர் தொழில். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினால் இந்தப் பேச்சின் பத்து வகையைக் கேட்கலாம். அங்கேயே ஜரிகை வைத்த படத்துக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்றும் கேட்டுவிட்டு வரலாம். வாங்குகிறவராகப் போய்க் கேளுங்கள், விற்கிறவராக அல்ல.

மதிப்புச் சொல்கிறவர் வாங்குகிறவராக இருக்கக் கூடாது. படத்தின் விலையில் இத்தனை சதவீதம் என்று கூலி கேட்பவரும் வேண்டாம். பார்த்துச் சொல்வதற்கு இவ்வளவு என்று ஒரே தொகை வாங்குகிறவரிடம் போங்கள். 'இது அசல் ரவி வர்மா' என்று முத்திரைத் தாளில் யாராவது எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளுக்கு முத்திரை மதிப்பைத் தவிர வேறு மதிப்பு இல்லை. எழுதியவர் யார், எதைப் பார்த்து எழுதினார் என்பது இல்லாத சான்றிதழை ஏலக்காரர்கள் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

சிங்கப்பூர் யோசனையை விட்டுவிடுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு வயசு தாண்டிய கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ரவி வர்மாவின் ஓவியங்களுக்கோ வயசுக் கணக்கே வேண்டாம், 1979இல் அவற்றைத் தேசியக் கலைச் செல்வம் என்று அறிவித்துவிட்டார்கள். உங்கள் படம் 1910ல் அடித்ததா 1930ல் அடித்ததா என்பதை நீங்களும் நானும் உட்கார்ந்து வாதாடலாம். ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து பார்க்கிற கஸ்டம்ஸ் அதிகாரி 'ரவி வர்மா' என்ற எழுத்தைத்தான் பார்ப்பார். கட்டாயம் அனுப்பியே ஆக வேண்டும் என்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் வாங்க வேண்டும். மகன் லீவில் வரும்போது பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்துக்கொண்டு போகட்டும் என்ற எண்ணம் இருந்தால், தயவுசெய்து வேண்டாம். உள்நாட்டில் விற்பதற்கு இந்தத் தடை கிடையாது.

படத்தை வைத்துக்கொள்வதானால் சில வேலை இருக்கிறது. பின்பக்கம் பலகை அடித்திருக்கிறது என்று போட்டோவில் தெரிகிறது. பழைய சட்டங்களில் அதுதான் படத்தை மெல்லத் தின்கிற பொருள். மரத்தின் அமிலம் காகிதத்தில் இறங்கிப் பழுப்பாக்கி, கடைசியில் அப்பளம் மாதிரி நொறுங்க வைக்கும். காகிதப் பராமரிப்பு தெரிந்தவரிடம் கொடுத்து அமிலமில்லாத அட்டை வைத்து மாற்றச் சொல்லுங்கள். கண்ணாடி புதிதாகப் போடும்போது அது ஜரிகையில் அழுந்தக் கூடாது, நடுவில் இடைவெளி விட்டுப் போட வேண்டும். சாதாரணமாகப் பிரேம் போடுகிற கடையில் கொடுத்தால் ஒட்டி அழுத்திவிடுவார்கள், சமிக்கி தட்டையாகிவிடும். தேக்குச் சட்டத்தை மாற்றாதீர்கள். கழற்றிய பலகையையும் ஆணியையும் தூக்கிப் போடாதீர்கள். பலகையின் உள்பக்கம் பழைய கடைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகைத் துண்டு, வீட்டு விலாசம் எது வேண்டுமானாலும் ஒட்டியிருக்கலாம். அப்படி ஏதாவது இருந்தால் எனக்கு அவசியம் போட்டோ அனுப்புங்கள். மாட்டுவதற்கு வெயில் படாத, ஈரம் ஏறாத உள்சுவராகப் பாருங்கள். சாமி படம்தான், ஆனாலும் ஊதுபத்திப் புகையும் கற்பூரமும் எட்டாத இடமாக இருக்கட்டும். லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

தள்ளிப் போடக் கூடாத வேலை ஒன்று உண்டு. சாமான் விற்ற வீட்டுக்காரர்கள் யாருடைய போன் நம்பராவது வாங்கி வைத்திருந்தால் இந்த வாரமே கூப்பிடுங்கள். வீடு இடிந்து பங்குக் காசு பிரிந்த பிறகு யாரும் போனை எடுக்க மாட்டார்கள். படம் எந்த அறையில் மாட்டியிருந்தது, யார் காலத்தில் வந்தது, ரங்கூனிலிருந்து வந்ததா சென்னையில் வாங்கியதா, ஜரிகை வைத்தது எந்த ஆச்சி என்று கேளுங்கள். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், அந்தச் சுவரோடு பழைய கல்யாணப் போட்டோ ஏதாவது இருந்தால் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். சொன்னவர் பெயர், தேதி போட்டுத் தனிக் காகிதத்தில் எழுதிப் படத்தோடு வையுங்கள், படத்தின் முதுகில் எழுதாதீர்கள். ஏழாயிரத்துக்குச் சீட்டு எதுவும் தரவில்லை என்றால் அதையும் இப்போதே ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

அப்புறம், போன வேலை என்ன ஆயிற்று? கல்சட்டி கிடைத்ததா, இல்லையா?